வெட்டா, தடையா?

போன சித்திரையில் ஒரு ராத்திரி, பத்தே முக்கால் மணி. உளுந்தை வழித்து எடுத்தாயிற்று. அரிசி கிரைண்டரில் பாதி அரைபட்டுக் குருணையாகக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வீட்டுக்காரி குழவியைக் கையால் ஒரு சுற்று உருட்டிப் பார்த்தாள். உருளவில்லை. இருட்டைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "புடுங்கிட்டான்."

எவன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தோன்றா எழுவாய் என்று ஒன்றை நடத்தினார். வாக்கியத்தில் எழுவாய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. ஈ.பி.க்குப் பணம் கட்ட ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

பிரிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். முதல் பத்து நிமிடம் "உபயோகத்தில் உள்ளது". ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. எனக்கு அதில் கோபம் இல்லை; இருட்டில் இருக்கும் ஆயிரம் வீட்டுக்கும் ஒற்றை ஆள் என்ன பதில் சொல்வான்? கடைசியில் எடுத்தார்.

"கரண்ட் இல்லீங்க."

"ஆமாங்க, மின்தடைங்க."

"எப்ப வரும்?"

"வந்துருமுங்க."

"இந்த மாசம் இது ஆறாவது வெட்டுங்க…"

அதுவரை பசுவாக இருந்தவர் சிலிர்த்துக்கொண்டார். "வெட்டுனு சொல்லாதீங்க சார். தமிழ்நாட்டுல மின்வெட்டே கிடையாது. இது தடை."

போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசி புளிக்கிறது, ஃபேன் நின்றுவிட்டது, கைக்குழந்தை வீறிடுகிறது. ஆனாலும் நடு ராத்திரியில் அந்த மனிதர் சொல்லாராய்ச்சி செய்கிறார். இந்த ஆராய்ச்சியை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார். மேலிருந்து கம்பி வழியாக வந்திருக்கும். கரண்ட் வராத கம்பியிலும் அது மட்டும் வந்துவிடுகிறது.

விஷயம் எளிது. வெட்டு என்றால் வெட்டியவன் ஒருவன் வேண்டும். அவன் கையில் அரிவாள் வேண்டும். வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வியே "யார் வெட்டினது?" என்பதுதான். தடைக்கு அந்தத் தொல்லை இல்லை. தடை தானாக வரும். பூனை குறுக்கே போனால் சகுனத் தடை. அணில் குறுக்கே போனால் மின்தடை.

அணிலை நான் கற்பனை செய்யவில்லை. 2021 ஜூனில், புதிய ஆட்சி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொன்ன விளக்கம் அது. முந்தைய ஆட்சியில் பராமரிப்புப் பணி நடக்கவில்லை, மரக்கிளைகள் கம்பியைத் தொடுகின்றன, அதில் அணில்கள் ஓடும்போது இரண்டு கம்பி ஒன்றோடொன்று உரசி மின்தடை ஏற்படுகிறது. நாடே சிரித்தது. நியாயமாகச் சொன்னால் சிரித்திருக்கக் கூடாது. அணில் ஓடினால் லைன் டிரிப் ஆகும். எந்த வயர்மேனைக் கேட்டாலும் சொல்வார், கருகிய அணிலைக் கம்பத்தடியில் பொறுக்கிய கதை அவரிடம் பத்து இருக்கும். விஞ்ஞானம் சரி. இலக்கணத்தில்தான் இடிக்கிறது. ஒரு மாநிலத்தின் இருட்டுக்கு எழுவாய் தேடி, அமைச்சரையும் அதிகாரியையும் விட்டுவிட்டு, அணிலைப் பிடித்து உட்கார வைத்ததுதான் அந்த வாக்கியத்தின் சாதனை.

நாம் தனி இல்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அந்நாட்டு எரிசக்தி அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கு, ஒரு தீவு. முன்னொரு காலத்தில் அந்த ஊருக்கு ஒரு வானரம் போய் நகரையே தீ வைத்து வெளிச்சமாக்கியதாகக் கதை. இப்போது போன வானரம் விளக்கை அணைத்துவிட்டது. அணிலும் குரங்கும் ஒரு காலத்தில் ஒரே ஒப்பந்தத்தில் பாலம் கட்டின. இன்று கடலின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரிந்து மின்வாரிய வேலை பார்க்கின்றன. சம்பளம் கேட்பதில்லை, மறுப்பறிக்கை விடுவதில்லை, தேர்தலில் நிற்பதில்லை. இதைவிட நல்ல குற்றவாளி எந்த அரசுக்குக் கிடைக்கும்?

வெட்டு என்ற சொல் ஒழிந்துபோய்விட்டதாக நினைக்க வேண்டாம். பத்திரமாகத்தான் இருக்கிறது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் இருக்கிறது. ஆட்சி மாறும்போது கோட்டைக்குப் போகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள், வெளியே வருகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 2006 முதல் 2011 வரை ஆற்காடு வீராசாமி மின்துறை அமைச்சர், அப்போது அ.தி.மு.க. மேடையில் அது வெட்டு. 2011இல் அந்த வெட்டை வைத்தே ஓட்டு வாங்கினார்கள். பிறகு நத்தம் விஸ்வநாதன் வந்தார், சொல் தி.மு.க. மேடைக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் தங்கமணி, அதன்பின் செந்தில்பாலாஜி. வெட்டு, தடை, வெட்டு, தடை. மாறுதிசை மின்னோட்டம் என்று இயற்பியல் புத்தகத்தில் ஒன்று வருமே, அது இதுதான். வினாடிக்கு நூறு தடவை திசை மாறுவதற்குப் பதில் ஐந்து, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறது.

உண்மையான வெட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2008இல் தொடங்கியது. 2012 பிப்ரவரியில் அரசே அறிவித்தது: சென்னைக்குத் தினம் 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்கு 4 மணி நேரம். தலைநகரத்துக்காரன் வியர்வை ஒரு விலை, மற்றவன் வியர்வை அதில் பாதி. அந்த 4 மணி நேரமும் காகிதத்தில்தான். அந்த வருஷம் ஐப்பசி வாக்கில் மாவட்டங்களில் 14 மணி, 16 மணி நேரம் கரண்ட் இல்லை. தேவைக்கும் இருப்புக்கும் நடுவில் 4,000 மெகாவாட் பள்ளம். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் லேத்காரர்கள் பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். நடுச்சாமம் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து மெஷினைப் போட்டு, நான்கு மணிக்குப் போனதும் படுப்பார்கள். சோமனூரில் கரண்ட் வந்ததை விளக்கு சொல்வதற்கு முன்னால் தறி சொல்லும். தெருவே ஒரே நேரத்தில் தடதடவென்று எழும். அது நிற்கும்போது வரும் அமைதி இருக்கிறதே, கூலி போன சத்தம் அது. பேங்க் கடனுக்கு மட்டும் பவர் கட் கிடையாது. வட்டி இருபத்து நான்கு மணி நேரமும் மும்முனையில் ஓடியது.

அதே 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு அறுந்து விழுந்தது. அறுபது கோடிப் பேருக்கு இருட்டு, உலகத்திலேயே பெரிய மின்தடை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. தென்னக மின்தொகுப்பு அப்போது அதனோடு முழுதாக இணையவில்லை. இணைந்தது 2013 கடைசி நாளில். அதனால் அந்த மாபெரும் இருட்டு எங்களைத் தொடவில்லை. பெருமையாக இருந்தது. அவர்கள் மொத்தமாக இரண்டு நாள் பட்டதை நாங்கள் தவணை முறையில் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தோம்.

இதில் பொறியாளர்கள் பேசும் ஒரு சொல்லை மட்டும் நான் மதிக்கிறேன், நேர்மையாக இருப்பதால். லோட் ஷெட்டிங். லாரியிலிருந்து லோடு இறக்குவதுபோல. மின்தொகுப்பின் அலைவெண் 50இல் நிற்க வேண்டும். தேவை கூடி, உற்பத்தி போதாமல் அது சரிந்தால் எந்திரங்கள் கெடும், மொத்தத் தொகுப்பும் விழும். ஆகவே சில ஃபீடர்களை அணைத்து லோடைக் குறைப்பார்கள். தொழில்நுட்பப்படி செய்ய வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லோடு யார்? நாம்தான். குக்கர் வைப்பவள், பரீட்சைக்குப் படிப்பவன், நெபுலைசர் பிடித்திருக்கும் கிழவர், எல்லோரும் அவர்கள் பாஷையில் லோடு. எந்த லோடை முதலில் இறக்குவது என்பதில் மட்டும் சாதி உண்டு. கலெக்டர் பங்களா இருக்கும் ஃபீடரில் அணில் ஓடுவதில்லை. ஓடினாலும் ஒதுங்கி ஓடும் போலிருக்கிறது.

இன்னொரு நல்ல சொல் 2015, 2016 வாக்கில் வந்தது: மின்மிகை மாநிலம். போஸ்டர் ஒட்டினார்கள், சட்டமன்றத்தில் மேஜையைத் தட்டினார்கள். தமிழில் மிகைக்கு இரண்டு அர்த்தம். அதிகம் என்பது ஒன்று, அளந்துவிடுவது இன்னொன்று. அந்தச் சொல்லில் மின் கொஞ்சம்தான், மிகைதான் அதிகம். வெளியே இருந்து விலைக்கு வாங்கி ரொப்பினால் எந்த வீடும் மிகை வீடுதான். கடன்காரன் வாசலுக்கு வரும்வரை. 2015இல் சூரிய மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். சூரியனுக்கு ஒரு காசு போவதில்லை என்பது மட்டும் உறுதி. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, மாநிலத்தில் காற்றாலைத் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்று பொங்கி அடிக்கும் ஆடி மாதத்தில் அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பிப் பாதை போதாமல் இறக்கைகளை நிறுத்தச் சொன்ன காலமும் இருந்தது. எந்தக் காலம்? கீழே ஊர் இருட்டில் கிடந்த அதே 2012, 13.

வாரியம் தன் பெயரிலும் இந்த வித்தையைக் காட்டத் தவறவில்லை. 1957இல் பிறந்த மின்வாரியத்தை 2010 நவம்பரில் பிரித்து மூன்று பெயர் வைத்தார்கள். 2024இல் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமைக்கு ஒன்று என்று மறுபடி பிரித்தார்கள். ஒரு லட்சம் கோடியைத் தாண்டிய கடன் எந்தப் பெயரைத் தேடிப் போகும் என்பது அதற்குத் தெரிந்திருக்கும். சனங்கள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கு இன்றும் அது ஈ.பி. ஆபீஸ்தான். கட்டணம் ஏறினாலும் அப்படித்தான். ஏற்றம் என்று எந்த அறிக்கையிலும் வராது. திருத்தம் என்று வரும், மாற்றியமைப்பு என்று வரும். 2022 செப்டம்பரில் திருத்தினார்கள். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் திருத்தினார்கள். திருத்தத் திருத்த என் கணக்கு நோட்டில்தான் பிழை அதிகமாகிறது. மாதந்தோறும் கணக்கெடுப்பு என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி. நான்கு வருஷம் கழித்தும் கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் படியேறினார். அவர் பத்து நாள் தாமதமாக வந்தால் என் யூனிட் மேல்படிக்கு ஏறிக்கொள்ளும். என் வீட்டில் தடையே இல்லாமல் ஏறும் ஒரே பொருள் அது.

நேர்மையான சொல் ஒன்று சனங்களிடமும் இருக்கிறது. ஷட்டவுன். "நாளைக்கு நம்ம ஏரியா ஷட்டவுனாம், தண்ணி ரொப்பி வெச்சுக்குங்க." பராமரிப்புக்காக நிறுத்துகிறோம், இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று பேப்பரில் போட்டுவிட்டு நிறுத்துவது. அதற்கு யாரும் திட்டுவதில்லை. மாவை முந்தின நாளே ஆட்டி வைத்துவிடுகிறாள், துணியை அயர்ன் பண்ணிவிடுகிறான், போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிடுகிறான். சொல்லிவிட்டுச் செய்தால் இருட்டுகூட மரியாதையாகத்தான் இருக்கிறது. 2020இல் ஒன்றிய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகள் என்று வெளியிட்டது. இருபத்து நான்கு மணி நேர மின்சாரம், தவறினால் இழப்பீடு என்று அதில் இருக்கிறது. என் தெருவில் அந்த இழப்பீட்டை வாங்கியவரை நான் பார்த்ததில்லை. கேட்டுப் போனால், முதலில் அது வெட்டா தடையா என்று நிரூபிக்கச் சொல்வார்கள்.

இதுவரை சிரித்துவிட்டேன். இனி முடியவில்லை.

பேப்பரைத் திறந்தால் வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும்: "மின்சாரம் தாக்கி ஒப்பந்தத் தொழிலாளி பலி." படித்துப் பாருங்கள், எழுவாய் யார்? மின்சாரம். அதுதான் தாக்கியது. ரவுடியைப் போல நள்ளிரவில் கிளம்பி வந்து, கம்பத்தின் மேல் இருந்தவனைத் தேடிப் பிடித்துத் தாக்கிவிட்டு ஓடிவிட்டது. கம்பத்தில் ஏறுவதற்கு முன் லைன் க்ளியர் வாங்க வேண்டும். துணை மின்நிலையத்தில் அணைத்துவிட்டேன் என்று எழுத்தில் தர வேண்டும். ஏறியவன் எர்த் ராடைக் கம்பியில் மாட்டி, மிச்சமிருப்பதைத் தரையிறக்க வேண்டும். ரப்பர் கையுறை, இடுப்புக் கயிறு வேண்டும். அணைத்த லைனில்கூட எவனோ ஒரு கடைக்காரன் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் கரண்ட் பின்பக்கமாக வந்து ஏறும். இத்தனையும் யாருடைய வேலை, யார் கையெழுத்து, எது இல்லை என்று கேட்க அந்தத் தலைப்பில் இடமே இல்லை. மின்சாரம் தாக்கியது. வழக்கு முடிந்தது.

2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழா. ஊர்வலத்தின் உச்சி உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் செத்தார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட. அன்றைக்குச் சட்டமன்றத்தில் ஒரு விளக்கம் வந்தது: அது தேர் அல்ல, சப்பரம். பதினோரு பிணம் கிடக்கும்போதும் அகராதியைத் திறக்கத் தோன்றிய மனதை என்னால் மறக்க முடியவில்லை. கம்பி தேரா சப்பரமா என்று பார்க்கவில்லை.

அன்றைய ராத்திரிக்கு வருகிறேன். ஒரு மணி இருக்கும். எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. போனேன். வயது போன வயர்மேன் ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயது, ரப்பர் செருப்போடு. இந்தத் தெருவில் நான் குடிவந்தபோது இரண்டு வீட்டில் ஏ.சி. இருந்தது; இப்போது முப்பது வீட்டில் இருக்கிறது; டிரான்ஸ்பார்மர் அதே டிரான்ஸ்பார்மர். மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே மாதம் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் எங்கள் தெருவின் பங்கு அந்தப் பையனின் தலைக்கு மேல் முனகிக்கொண்டிருந்தது.

ஜம்பரை முறுக்கிவிட்டு அவன் குரல் கொடுத்தான். பெரியவர் கைப்பிடியை ஏற்றினார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் வெளிச்சம். எங்கோ பிள்ளைகள் "ஏஏய்" என்று கத்தின. எங்கள் வீட்டுக் கிரைண்டர் தானாக ஓட ஆரம்பித்த சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

பையன் இறங்கி வந்தான். கையில் சின்னதாக ஏதோ தொங்கியது. அணில். வால் மட்டும் கருகாமல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதுதானா?"

"ஆமாங்கண்ணா. பாவம்." வேலியோரம் மண்ணைக் காலால் கிளறி வைத்து மூடினான்.

"கையுறை ஒண்ணும் தரலியா?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். எண்ணெய்க் கறையும் ஒரு பழைய தழும்பும் இருந்தன.

"ஒப்பந்தமா நீ?"

பெரியவர் சட்டென்று டார்ச்சை அணைத்தார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னை.

"இல்லீங்கண்ணா," என்றான். "ஒப்பந்தமும் இல்லீங்க."